ஒரு அவுன்ஸ் இறகு

1886-ம் வருஷம். நியூயார்க்கில் பணக்காரப் பெண்மணிகள் ஷாப்பிங் போகிற வீதிகளில் ஃப்ராங்க் சாப்மன் என்றொரு இளைஞர் இரண்டு சாயங்காலம் நடந்துபோனார். எதையும் வாங்கவில்லை. போகிற வருகிற பெண்களின் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். தப்பாக நினைக்க வேண்டாம். எண்ணியது தொப்பிகளை. மொத்தம் 700 தொப்பி. அதில் 542-ல் பறவை இறகு. சிலவற்றில் முழுப் பறவையே உட்கார்ந்திருந்தது! அடையாளம் தெரிந்தவை மட்டும் நாற்பது வகை.

வங்கி வேலையை விட்டுப் பின்னாளில் பறவை ஆராய்ச்சியாளராகப் பெயரெடுத்தவர் சாப்மன். அவருடைய கணக்கை நான் இன்னொரு கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறேன். பி.காம். படித்தவன் புத்தி, விலையைத்தான் முதலில் தேடும். 1903-ல் ஃப்ளோரிடாவில் வேட்டைக்காரனுக்கு ஒரு அவுன்ஸ் கொக்கு இறகுக்குக் கிடைத்த விலை 32 டாலர். அதே ஒரு அவுன்ஸ் தங்கம் 21 டாலர்கூடக் கிடையாது.

அப்படி என்ன கொக்கு?

ஸ்னோயி ஈக்ரெட் என்பார்கள். நாம் பனிக்கொக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர் வயலில் திரிகிற சின்னக் கொக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே வெள்ளை உடம்பு, அதே கறுப்பு அலகு, கறுப்புக் கால். பாதம் மட்டும் மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்தாற்போல இருக்கும். அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி, பயந்து ஓடிவருகிற மீனைக் கொத்தும். சாமர்த்தியசாலி.

வருஷத்தில் பெரும்பாலான நாள் அதன் இறகுக்கு எந்த மதிப்பும் இல்லை. கூடு கட்டும் காலம் வந்தால்தான் முதுகில் அந்தச் சமாச்சாரம் முளைக்கும். நூல் நூலாகப் பிரிந்து, நுனியில் மேல்நோக்கிச் சுருண்டு, ஊதினால் ஆடுகிற மெல்லிய இறகு. மயில் மாதிரி ஆணுக்கு மட்டும் அல்ல, பெண்ணுக்கும் உண்டு. ஜோடி சேர்வதற்கான அலங்காரம். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் உதிர்ந்துவிடும்.

சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இறகு நன்றாக இருக்கிற காலமும் கூட்டில் குஞ்சு இருக்கிற காலமும் ஒன்று. நூற்றுக்கணக்கில் ஒரே தோப்பில் கூடு கட்டுகிற பறவை. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மற்ற நாளில் பறந்துவிடும். குஞ்சை விட்டுவிட்டு எங்கே போக? சுற்றிச் சுற்றி அங்கேயே வரும். சுடுகிறவனுக்கு அலைச்சலே இல்லை. முதுகுத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடம்பை அங்கேயே போட்டுவிட்டுப் போவான். அப்பா, அம்மா இரண்டுமே போனபிறகு குஞ்சுகள் பட்டினியில் செத்தன. விற்ற இறகுக்குத்தான் கணக்கு உண்டு, செத்த குஞ்சுக்குக் கிடையாது.

1902-ல் லண்டனில் மட்டும் ஏலம் போன கொக்கு இறகு 48,240 அவுன்ஸ். நாலு பறவைக்கு ஒரு அவுன்ஸ் என்று அன்றைக்கே வகுத்துப் பார்த்தார்கள். 1,92,960 பறவைகள். வியாபாரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'சுடவே இல்லை, உதிர்ந்ததைப் பொறுக்கினோம்.' உதிர்ந்த இறகு நைந்துபோயிருக்கும். அதற்குத் தங்கத்தைவிட அதிக விலை எவன் கொடுப்பான்?

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிருந்தும் இறகு கப்பலேறிக்கொண்டிருந்தது. 1902-ல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை வந்தால் கடத்தலும் வரும், வந்தது. சிந்து மாகாணத்தில் சிலர் கொக்கை அடைத்து வளர்த்து, உயிரோடு இறகு பிடுங்கிப் பிழைத்தார்கள்.

எதிர்ப்பு கிளம்பியது தொப்பி போடுகிறவர்களிடமிருந்தே. 1896-ல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே என்கிற சீமாட்டியும் அவர் உறவுக்காரி மின்னா ஹாலும் பெரிய வீட்டுப் பெண்களை டீக்கு அழைத்து, 'இனி இறகுத் தொப்பி வேண்டாமே' என்று ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைத்தார்கள். சுமார் 900 பேர் சேர்ந்தார்கள். மாஸசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் பிறந்தது அப்படித்தான். 1901-ல் ஃப்ளோரிடாவில் சட்டமும் வந்தது.

சட்டம் வந்துவிட்டது, சரி. சதுப்புக் காட்டுக்குள் போய் அமல்படுத்துவது யார்? 1902-ல் கை ப்ராட்லி என்கிற இளைஞரைக் காவலராக நியமித்தார்கள். சம்பளம் மாதம் 35 டாலர். அதாவது, ஒரு அவுன்ஸ் இறகு விலையைவிட மூன்று டாலர் கூடுதல்! இத்தனைக்கும் ப்ராட்லி சின்ன வயதில் இறகு வேட்டைக்காரர்களோடு சுற்றியவர். எந்தத் தோப்பில் எப்போது கொக்கு அடையும் என்பது அத்துப்படி.

1905 ஜூலை 8. ஃப்ளமிங்கோ கிராமத்துக்கு எதிரே உள்ள தீவுத் திட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வந்தது. ப்ராட்லி தனியாகப் படகில் போனார். அங்கே இருந்தது அக்கம்பக்கத்து ஆசாமி வால்ட்டர் ஸ்மித்தும் அவர் பிள்ளைகளும். முன்பே பகை உண்டு. பையனைக் கைது செய்யப்போவதாக ப்ராட்லி சொல்ல, ஸ்மித் சுட்டார். படகு மிதந்து கரை ஒதுங்கியபோது உள்ளே பிணம் இருந்தது. வயது 35. மனைவியும் இரண்டு சின்னப் பையன்களும் இருந்தார்கள்.

'அவர்தான் முதலில் சுட்டார்' என்றார் ஸ்மித். ப்ராட்லியின் துப்பாக்கியைப் பார்த்தவர்கள் அது சுடப்படவே இல்லை என்றார்கள். ஜூரி வழக்கை விசாரணைக்கே அனுப்பவில்லை. ஸ்மித் வெளியே வந்துவிட்டார்.

ஆனால் பத்திரிகைகள் விடவில்லை. 1913-ல் அமெரிக்கா இறகு இறக்குமதியைத் தடுத்தது. 1918-ல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தது. பிரிட்டன் 1921 வரை யோசித்தது. இதற்கிடையில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரிய தொப்பி தலையில் நிற்காது. மார்க்கெட் படுத்துவிட்டது. சட்டம் பாதி, கத்திரிக்கோல் பாதி என்பது என் கட்சி.

பனிக்கொக்கு பிழைத்துக்கொண்டது. ப்ராட்லி காவல் காத்த பகுதி 1947-ல் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் வந்தது. அவரைப் புதைத்த கடற்கரைக் கல்லறையை 1960-ல் வந்த புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது.