சேர்த்தவரும் செய்தவரும்

பழைய நாணயம், தபால் முத்திரை, ஏட்டுப் பிரதி, வெண்கல விளக்கு என்று தேடிச் சேர்ப்போரைக் குறைகூற நாம் வரவில்லை. அவர்கள் இல்லாதிருந்தால் எத்தனையோ அரும்பொருள்கள் உருக்குச்சட்டிக்குள் போயிருக்கும். ஆயினும், சேர்ப்பதோடு நின்றுவிடுபவனுக்கும், சேர்த்ததைப் பார்த்துத் தானும் ஒன்றைச் செய்ய முற்படுபவனுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. இங்கிலாந்தில் ஓடத் தொடங்கி, ஈழத்துக் கைவினைஞரின் வரலாற்றோடு வந்து கலந்த ஓர் அச்சியந்திரத்தின் கதை அத்தூரத்தை நன்கு காட்டும்.

வில்லியம் மொறிஸ் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர், கவிஞர், 1883ஆம் ஆண்டு முதல் சோஷலிஸ இயக்கத்தில் உழைத்தவர். பழைய நூல்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியவருங்கூட. ஆனால் அழகிய பொருளொன்றைக் கண்டால், அது எவ்வாறு செய்யப்பட்டதென்பதைத் தம் கைகளால் அறியும்வரை அவருக்கு அமைதி கிடையாது. துணிக்கு நல்ல சாயம் வேண்டுமென்று 1870களில் லீக் நகரத்துச் சாயப் பட்டறைக்குச் சென்று, தொட்டிகளில் முழங்கைவரை கைகளை விட்டு வேலை செய்தார். அவுரி நீலம் ஏறிய கைகளோடு திரிந்த கனவானைக் கண்டு அவ்வூரார் என்ன எண்ணினரோ!

1888 நவம்பரில் அவருடைய நண்பர் எமறி வாக்கர், பழைய அச்சுப் பக்கங்களைப் பெருப்பித்துத் திரையிற் காட்டி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். தாமும் எழுத்து வார்ப்பிக்க வேண்டுமென்ற எண்ணம் மொறிஸுக்கு அதிலிருந்தே எழுந்தது. 1470களில் வெனிஸ் நகரத்தில் நிக்கொலஸ் ஜென்சன் அச்சிட்ட நூல் அவரது சேகரிப்பில் இருந்தது. அதன் எழுத்துகளைப் பெரிதாகப் படம்பிடிப்பித்து, அவற்றின் மேல் மீண்டும் மீண்டும் வரைந்து பழகினார். பின்னர் மூலத்தை ஒதுக்கிவிட்டுத் தமது எழுத்தை வரைந்தார். சேகரிப்பு அவருக்குக் கண்ணாடிப் பெட்டியாக இருக்கவில்லை, பள்ளிக்கூடமாக இருந்தது. காகிதம் செய்யும் கென்ற் மாகாணப் பட்டறையில் மேற்சட்டையைக் கழற்றிவைத்துத் தாமே ஒரு தாள் எடுத்துப் பார்த்தார் என்பர்.

1891இல் ஹமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்கொற் அச்சகம் தொடங்கியது. அதன் பெரும்படைப்பான சோசர் நூல் 1896இல் வெளிவந்தது. காகிதப் பிரதிகள் 425; ஒன்றின் விலை 20 பவுண். எந்தத் தொழிலாளி அதனை வாங்கியிருக்க முடியும்? இம்முரண்பாட்டை நாம் மூடிமறைக்க விரும்பவில்லை, மொறிஸும் அறிந்தேயிருந்தார்.

அதே ஆண்டு ஒக்தோபரில் அவர் காலமானார். அவர் சேர்த்த நூல்களை மான்செஸ்ரர்ச் செல்வர் ஒருவர் வாங்கினார். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மிகுதியை 1898இல் ஏலத்தில் விற்றார். அவர் வைத்துக்கொண்டவை 1902இல் அமெரிக்க வங்கி முதலாளி பியர்பொன்ற் மோர்கனிடம் போய்ச் சேர்ந்தன. அச்சியந்திரமோ வேறு வழி போயிற்று. ஆஷ்பீ என்பார் நடத்திய கைவினைஞர் சங்கத்திடம் இருந்து, பின்னர் ஆனந்த குமாரசுவாமியின் கைக்கு வந்தது.

கொழும்பிற் பிறந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்தவர், அங்கே கைவினைஞரைக் கண்டார். அரச ஊழியத்துக்கு ஈடாக மானியநிலம் பெற்று வாழ்ந்த பரம்பரையினர் அவர்கள். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் ஆதரவு இழந்து, தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களின் பழம்பொருள்களுக்கு வெளிநாட்டார் நல்ல விலை கொடுத்தனர். ஆனால் பழைய பொருளுக்குக் கொடுத்த விலை உயிரோடிருக்கும் தச்சனின் அடுப்பை எரிக்காது. குமாரசுவாமி பொருள்களையும் சேர்த்தார். அதனினும் மேலாக, பித்தளை வார்ப்பது எப்படி, அரக்கு வேலை எப்படி, பாய்க்குச் சாயமேற்றுவது எப்படி என்று செய்முறைகளைக் குறித்துக்கொண்டார்.

அக்குறிப்புகள், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலாயின. சோசர் நூலை அச்சிட்ட அதே யந்திரத்தில், 1907 செப்ரெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, அவரது மேற்பார்வையிலேயே அது அச்சாயிற்று. பிரதிகள் 425தான். கம்மாளனைப் பற்றிய நூல் கம்மாளனுக்கு எட்டாத பொருளாயிற்று. 1956இல் நியூயோர்க்கில் மறுபதிப்பு வரும்வரை சேகரிப்பாளரின் அலுமாரிகளே அதற்கு இருப்பிடம்.

அந்நூலுக்குப் படம்பிடித்தவர்களுள் முதன்மையானவர் அவர் மனைவி எதெல். கண்டிக் கிராமங்களில் துணிகளையும் தையல்வேலைகளையும் சேர்த்த அப்பெண்மணி, இங்கிலாந்து திரும்பியபின் தாமே நூல் நூற்கவும் தறியில் அமரவும் பழகினார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அது, செய்துபார்க்க விரும்புவோர்க்கான அளவுகளும் முறைகளும் நிறைந்த கைந்நூல். பின்னர் டிச்லிங் கிராமத்தில் அவர் அமைத்த நெசவுக்கூடத்தில் இளைஞர் பலர் தறிவேலை கற்றுக்கொண்டனர்.