பேராதனைப் பூங்காவில் தீட்டப்பட்ட கடற்படையெடுப்புகள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அமைந்தபின், கடலே கண்ணிற்படாத அம்மலைநாட்டில், வங்கக் கடலைக் கடந்துசெல்லும் ஈரூடகத் தாக்குதல்கள், அதாவது கப்பலில் வரும் படையைப் பகைவர் கரையில் நேரே இறக்கும் நடவடிக்கைகள், திட்டமிடப்பட்டன. வட சுமாத்திராவைக் குறிவைத்த ‘கல்வரின்’ திட்டம் ஏட்டோடு நின்றது. தூரத்தைவிட, கரையில் முட்டிநின்று முகப்புக் கதவைத் தாழ்த்தும் தரையிறங்கு கலங்கள் ஐரோப்பியப் போர்முனைக்கே ஒதுக்கப்பட்டமைதான் அதற்குப் பெருங்காரணம் எனலாம். ஜப்பான் பணிந்தபின், 1945 செப்டெம்பர் 9 அன்று, இந்தியத் துறைமுகங்களிலிருந்து சென்ற, ‘சிப்பர்’ என்னும் மற்றொரு திட்டத்தின் படை மலாயாவின் மோரிப் கரையில் எதிர்ப்பின்றி இறங்கியபோதும், உறுதியானதாகத் தோன்றிய மணலின் கீழிருந்த சேற்றில் வாகனங்கள் பல புதைந்துநின்றன.