பொருள்களின் இணையம்

'இணை' என்ற வினையடியில் பிறந்தது இணையம். மனிதர்கள் மட்டுமல்லாமல் மோட்டார், மீட்டர், உணரி போன்ற பொருள்களும் தாமாகவே தகவல் அனுப்பிப் பெறும் வலையமைப்புக்குப் பொருள்களின் இணையம் என்று பெயர். 1999இல் கெவின் ஆஷ்டன் ஆங்கிலத்தில் இட்ட பெயரின் தமிழாக்கம் இது. 'பொருட்கள்' என்றும் எழுதுகிறார்கள். 'பொருள்கள்' என்பதே எனக்கு உவப்பு.

பெண்ணாடம் போன்ற கரும்பு வட்டாரங்களில் இதன் முன்னோடி ஏற்கெனவே வந்துவிட்டது. பம்புசெட் ஸ்டார்ட்டரோடு சிம் கார்டு போட்ட கருவியை இணைத்துவிட்டால், வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மும்முனை மின்சாரம் வந்ததா என்பதையும் அதுவே சொல்லிவிடும். நள்ளிரவில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம். இது சின்ன நன்மையல்ல. இக்கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தருகிறது. மண்ணின் ஈரத்தை உணரி அளந்து, அதற்கேற்ப மோட்டார் தானே ஓடும்போதுதான் 'பொருள்களின் இணையம்' என்ற பெயர் முழுப்பொருள் பெறும்.

டவர் கிடைக்காதது, மின்னழுத்தம் ஏறி இறங்குவது எல்லாம் தொல்லைதான். ஆனால் பெரிய சவால் பாதுகாப்பு. 2016இல் மிராய் என்ற தீநிரல், வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. கருவி வாங்குவோர் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.