வரிப்புலி ஸ்கார்ஃபும் நரசாப்பூர் ஊசியும்

டெல்லிக்கு வந்து சேர்ந்த நம்மூர்க்காரர்களுக்கு முதல் குளிரில் வருகிற ஞானோதயம், கழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பதுதான். போன டிசம்பரில் பொண்ணு புலி ஸ்கார்ஃப் கேட்டாள். ஆரஞ்சும் கறுப்பும் வரி வரியாய், ஒரு முனையில் தலை, மறு முனையில் வால். குரோஷா ஊசியை எடுத்தேன். "கடையில 500 ரூபாய்க்குக் கிடைக்குமே" என்றார் ரங்கமணி. அட, எப்படிக் கட்டுப்படியாகிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், ஸ்வெட்டர் பின்ன 1589லேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் இயந்திரத்துக்கு வழி காட்டிவிட்டார். குரோஷாவுக்குத் தொழிற்சாலையில் ஓடுகிற இயந்திரம் இன்றுவரை இல்லை. கடையில் தொங்குகிற ஒவ்வொரு அசல் குரோஷா துணியும் யாரோ ஒருவர் கையால் பின்னினது.

குரோஷே என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி. 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது இந்தக் கொக்கிதான். அதே நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் மூலம் கோதாவரிக் கரைக்கும் வந்தது. ஆந்திராவின் நரசாப்பூர் அப்படித்தான் லேஸ் ஊரானது. (நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டும், இடையன்குடியில் அவர் மகளும் கால்டுவெல் மனைவியுமான எலிசாவும் சொல்லிக்கொடுத்தது வேறு வகை. திண்டு மேல் குண்டூசி குத்தி, கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது.)

1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் நரசாப்பூர் போனார். 1982ல் புத்தகம் வந்தது. பெண்கள் வீட்டு வேலைக்கு மேல் தினம் 6 முதல் 8 மணி நேரம் பின்னினார்கள். சரக்கு வெளிநாட்டுக்குப் போனது, வியாபாரம் ஆண்கள் கையில். பின்னுகிறவர்களுக்குப் பெயர் தொழிலாளி இல்லையாம், 'இல்லத்தரசி'. வேலைக்குப் பெயர் 'ஓய்வு நேரப் பொழுதுபோக்கு'. கூலியும் அதற்கேற்ற மாதிரிதான்.

சரி, நம்ம புலிக்கு வருவோம். வரி மாறும் இடத்தில் கடைசித் தையலை முடிக்கக் கூடாது. ஊசியில் இரண்டு வளையம் இருக்கும்போதே கறுப்பு நூலை இழுத்து முடிக்கணும். இல்லாவிட்டால் ஆரஞ்சு கறுப்பில் எட்டிப் பார்க்கும். எனக்கு வரிக்கு 20 நிமிஷம். 40 வரி. மொத்தம் 13 மணி நேரத்துக்கு மேல், தலையும் வாலும் தனி. கை பழகினவர்கள் பாதி நேரத்தில் முடிப்பார்கள் என்றே வையுங்கள். 500 ரூபாயில் நூல் விலை, தரகு, கடை வாடகை, லாபம் எல்லாம் கழித்து, மிச்சத்தை 7 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்.

2024ல் நரசாப்பூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயருக்குக் காவல் வந்தாச்சு, சந்தோஷம். கூலிக்கு அது பேசாது. அடுத்த முறை கைவினைச் சந்தையில் பேரம் பேசும் முன்னால், "இதுக்கு எத்தனை மணி நேரமாச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்.