மும்மொழிக் கல்

கொழும்புக்குச் செல்லும் நம்மவர் பலர் கடற்காற்று வாங்கிக் கடைவீதி சுற்றித் திரும்பிவிடுகின்றனர். 1877-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நகரப் பொருட்காட்சிச் சாலையையும் கண்டு வருமாறு வேண்டுகிறோம். தமிழர் பார்க்கவேண்டிய கல்லொன்று அங்கே உளது.

மலாக்காவிலும் நங்கூரமிட்ட சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ, 1409-ம் ஆண்டுத் தேதியிட்டு இலங்கைக்குக் கொணர்ந்த கல் அது. அதிற் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகள் பொறிக்கப்பெற்றுள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி திருமாலாகிய தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் யாவும் மூவிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு சமயத்தாரை உயர்த்தி மற்றொரு சமயத்தாரைத் தாழ்த்தினாரில்லை.

சீனப் பேரரசரின் தூதர் தமிழில் எழுதுவித்தது ஏன்? தமிழ்மீது கொண்ட காதலாலன்று. அக்கடற்றுறைகளில் தமிழின்றி வாணிகம் நடவாது, ஆதலின் எழுதுவித்தார். அத்துணைச் சிறப்புடைய கல், பிற்காலத்தில் காலி நகரத்து மதகொன்றிற் பதிந்து கிடந்து, 1911-ல் கண்டெடுக்கப்பெற்றது. படிப்பாரற்ற சாசனம் பாலத்துக்குத்தான் உதவும்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் தமிழின் பழம்பெருமை பேசும் அன்பர்களே! நம் பிள்ளைகள் அக்கல்லின்முன் நிற்கும் நாளில், அதிலுள்ளது தம் மொழியென்றேனும் அறிந்துகொள்ள அவர்களுக்குத் தமிழெழுத்தைக் கற்பிப்போமாக.