ரச முலாம்

வெண்கலம், செம்பு, வெள்ளி ஆகியவற்றின் மேல் பாதரசத்தைக் கொண்டு தங்கம் ஏற்றும் முறை ரச முலாம். தங்க ரேக்கு ஒட்டுவது இதைவிடப் பழையது; ஆனால் ரேக்கு நாளடைவில் உரியும். ரச முலாம் அடி உலோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். சீனாவில் கிறிஸ்துவுக்கு முன்பே இது நன்றாகத் தேர்ந்திருந்தது. மான்செங் கல்லறையில் 1968இல் கிடைத்த, பணிப்பெண் ஏந்திய ஹான் காலத்து விளக்கு இம்முறையில் பொன்னேற்றப்பட்டது. புளோரன்ஸில் சிற்பி கிபெர்ட்டி 1452இல் முடித்த கதவுகளும் அப்படியே.

தங்கத்தைப் பொடியாக்கிப் பல மடங்கு பாதரசத்தில் சூடாக்கினால் அது கரைந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். மெல்லிய தோலில் பிழிந்து மிகை ரசத்தை நீக்கி, துலக்கிய உலோகத்தின் மேல் பித்தளைக் கம்பித் தூரிகையால் தடவுவார்கள். கரியடுப்பில் காட்டியதும் பாதரசம் ஆவியாகும். மங்கிய மஞ்சளாகத் தங்கம் தங்கும். பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இக்கலை உச்சம் தொட்டது. கடிகாரம், மேசைக்கால், சுவர்விளக்கு எல்லாம் பொன்னாயின. பளபளப்புக்கு நடுவே மங்கல் பொன்னை நிறுத்தி நிழலாட வைத்த பியேர் கூத்தியேரின் வேலைக்கு நிகர் குறைவு.

அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் பட்டறைக்காரர்கள். ஆவியைச் சுவாசித்துக் கை நடுங்கியது, ஈறு வீங்கியது, பல் விழுந்தது. 1814இல் இறந்த ரவ்ரியோ என்ற வெண்கலப் பட்டறை முதலாளி, இதற்கு வழி காண்பவருக்கு 3,000 பிராங்க் பரிசென்று உயில் எழுதினார். புகைபோக்கியுள்ள உலை அமைத்து அதைப் பெற்றவர் வேதியியலாளர் தார்சே. முலாம் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பக்கம் இதுவே.

தங்கமே இல்லாத பொன்னும் இருந்தது. லண்டன் கடிகாரக் கலைஞர் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் (இறப்பு 1732), சாதாரணப் பித்தளையைவிடத் துத்தநாகம் குறைத்துச் செம்பு கூட்டி ஒரு கலவை வார்த்தார். நிறம் அசல் பொன்னுக்குக் கிட்டே வந்தது. 1854இல் பிரிட்டன் 9 காரட் தங்கத்தைச் சட்டப்படி அனுமதித்ததும் அதன் தேவை சரிந்தது.

பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றபின் ரசப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. நேபாளத்துப் பாட்டன் நகரில் தெய்வச் சிலைகளுக்கு இன்றும் இம்முறை நடக்கிறது. தீயில் ஆவியானது போக, சிறிதளவு ரசம் பொன்னில் தங்கிவிடும். அருங்காட்சியகங்கள் எக்ஸ்-கதிரில் அந்த மிச்சத்தைக் கண்டுதான் மின்முலாமிலிருந்து இதைப் பிரித்தறிகின்றன.