நடுமூளையும் சுயகட்டுப்பாடும்: மலையகத் தோட்டப் பிள்ளைகளை முன்வைத்து

மூளைத்தண்டின் மேற்பகுதியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளத்தில் அமைந்தது நடுமூளை. ஒலி வந்த திசைக்குத் தலையைத் திருப்புவதிலும், அசையும் பொருளுக்குக் கண்ணைச் செலுத்துவதிலும், அச்சத்தில் உறைவதிலும் அதற்குப் பங்குண்டு. சுயகட்டுப்பாட்டைப் பொறுத்தவரை அதிலுள்ள, டோபமின் என்ற நரம்புக்கடத்தியைச் சுரக்கும் நரம்பணுக்கள் முதன்மையானவை. விரும்பியதற்காகப் பொறுத்திருத்தல், கவனத்தை நிலைநிறுத்தல், சினத்தை அடக்குதல் ஆகியவை நெற்றிக்குப் பின்னுள்ள முன்னுதற் புறணியின் வேலைகள்; அப்புறணிக்கு வேண்டிய டோபமினை அனுப்புவது நடுமூளை. எனவே பிள்ளையின் சுயகட்டுப்பாட்டைக் குணம், கண்டிப்பு என்பவற்றால் மட்டும் விளக்குவது போதாது.

தைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபமின் உருவாகும் முதற்படியை நடத்தும் நொதிக்கு இரும்பு இன்றியமையாதது. கோஸ்டாரிக்காவில் கைக்குழந்தைப் பருவத்தில் கடும் இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகளை ஆய்வாளர் பெட்சி லோசோஃப் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சை பெற்றுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அப்பிள்ளைகள் கல்வியிலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர். இதற்கு வறுமையே காரணம் என வாதிடலாம். ஆனால் குடும்பப் பின்னணியைக் கணக்கிற்கொண்ட பின்னரும் பல வேறுபாடுகள் நீங்கவில்லை. பின்னர் கொடுக்கும் இரும்பு முன்னர் நேர்ந்த குறையை முழுதாக ஈடுசெய்யாமல் போகலாம் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் இவ்விடயம் கூர்மை பெறுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்களாக இருந்தனர். தோட்டப்புறத்தில் இது 32 சதவீதமாக இருந்தது. உயரக்குறைவு இரும்புக் குறைபாட்டின் அளவுகோல் அன்று. நீடித்த ஊட்டக்குறையின் அடையாளம். இரும்பைப் பொறுத்தவரை, நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கே பிறக்கும்போது உடலில் சேமித்திருக்கும் இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான் போதும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அது முன்னரே தீரும். 84 நாள் பேறுகால விடுமுறை முடிந்து தாய் கொழுந்தெடுக்கத் திரும்பினால், பிள்ளை தோட்டத்துப் பராமரிப்பு இடமான பிள்ளைக்காம்பராவில் விடப்படுகிறது. இரும்புச் சேமிப்பு வற்றும் காலமும் அங்கு கழியும் காலமும் ஒன்றாகின்றன. ரொட்டியுடன் கொடுக்கப்படும் தேத்தண்ணியிலுள்ள பாலிபீனால்கள் தாவர உணவின் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கின்றன.

உணவோடு பராமரிப்பும் சேர வேண்டும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கேற்ப டோபமின் அணுக்கள் இயங்குவதை நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளில் காட்டினார். அழுதால் ஆள் வரும், காத்திருந்தால் உணவு கிடைக்கும் என்ற ஒழுங்கு மாறாதபோதுதான் பொறுத்திருப்பதில் பயனுண்டு என்று பிள்ளை கற்க முடியும். பராமரிப்பவர் அடிக்கடி மாறினாலோ, ஒருவரிடம் அளவுக்கு மீறிய பிள்ளைகள் இருந்தாலோ அந்த ஒழுங்கு குலையும்.

உணவும் பராமரிப்பும் இன்றி நடுமூளையை வகுப்பில் வளர்க்கலாம் என்ற கூற்றுக்கு அடிப்படையில்லை. தமிழ்நாட்டில் ‘நடுமூளைத் தூண்டல்’ என்ற பெயரில் நடந்த கட்டண வகுப்புகள், கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கலாம் என்றன. விழித்திரையில் ஒளி படாமல் அச்சிட்ட எழுத்தின் வடிவம் மூளைக்குப் பார்வையாக எட்டாது. நடுமூளையின் வளர்ச்சிக்கு உண்மையில் துணைசெய்பவை கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து, ஆறாம் மாதம் முதல் முட்டை, மீன், பருப்பு சேர்ந்த உணவு, சிறுபிள்ளைக்குத் தேத்தண்ணி கொடாமை, பிள்ளைக்காம்பராவில் நிலையான பராமரிப்பாளர் ஆகியவை. பாடசாலைப் பருவத்துத் திருத்த முயற்சிகளை விட, முதல் இரண்டாண்டுகளில் இவற்றுக்குச் செய்யும் செலவே முன்னுரிமை பெறத் தக்கது.